பாட் பூன்: பாட்டில் கைகொடுத்தது நடிப்பில் ஏன் காலை வாரியது?

பழையதட்டு:
அமெரிக்கப் பாடகர் பாட் பூனைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் நாலாவது பதிவுக்குள் ஒருவர் வந்து "கறுப்பினப் பாடகர்களின் பாட்டைத் திருடியவர்தானே" என்று சொல்லிவிடுவார், அத்தோடு பேச்சு நின்றுவிடும். அதுவும் பேசவேண்டிய விஷயம்தான், இங்கேயும் வரும், வரட்டும். நான் கேட்க வந்தது வேறு. 1955இலிருந்து ஏழெட்டு வருடம் அமெரிக்காவில் எல்விஸுக்கு அடுத்தபடியாக இசைத்தட்டு விற்றவர், டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் தானாகக் கூப்பிட்டுக் கதாநாயகன் ஆக்கியவர், பத்துப் படத்துக்கு மேல் நடித்தவர், ஒரு நடிகராக ஏன் யார் மனதிலும் நிற்கவில்லை?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1934இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்து, டென்னசியின் நாஷ்வில்லில் வளர்ந்தார். வீட்டில் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபை, கட்டுப்பாடு அதிகம். 19 வயதில் கல்யாணம், மனைவி ஷெர்லி, கன்ட்ரி பாடகர் ரெட் ஃபோலியின் மகள். 24 வயது ஆவதற்குள் நான்கு பெண் குழந்தைகள். இதற்கு நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து 1958இல் பட்டம் வாங்கினார், அதே சமயத்தில் செவ்ரலே கார் கம்பெனி தயவில் ஏபிசி தொலைக்காட்சியில் வாராவாரம் சொந்த நிகழ்ச்சி வேறு. காலில் வெள்ளை ஷூ, முகத்தில் எப்போதும் சிரிப்பு. பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் எல்விஸைப் பார்த்துப் பயந்த காலத்தில் பயப்படாமல் வீட்டுக்குள் விட்ட ஆள் இவர்.

என் வாதம் இதுதான். அவருக்குக் கைவந்த கலை, கரடுமுரடாக இருப்பதை எடுத்து ஓரமெல்லாம் தேய்த்து, நடு ஹாலில் போட்டுக் கேட்கிற மாதிரி ஆக்குவது. மூன்று நிமிடப் பாட்டுக்கு அது செல்லும். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஒரு மனிதனாக வரவேண்டும் என்றால் அந்த ஓரங்கள்தான் வேண்டும். அதைத் தேய்த்துவிட்டால் கையில் என்ன மிச்சம்?

கறார்சோமு:
"ஓரத்தைத் தேய்ப்பது" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டீர்கள் சார். கணக்கைப் பார்ப்போமே. 1955இல் ஃபேட்ஸ் டொமினோவின் "எய்ன்ட் தட் எ ஷேம்" கறுப்பினத்தவர்களுக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடம். பாப் பட்டியலில் பத்தாவது இடத்தோடு நின்றுபோனது. அதே பாட்டை பூன் பாடினார், பாப் பட்டியலில் முதலிடம். லிட்டில் ரிச்சர்டின் "டூட்டி ஃப்ரூட்டி" அதே பாப் பட்டியலில் 17ஆவது இடம், பூன் பாடியது 12. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்கிற எவரும், காது இருக்கிற எவரும், எது பாட்டு எது நகல் என்று சொல்லிவிடுவார்கள். வெள்ளையர் வானொலி நிலையங்கள் கறுப்பினப் பாடகரைப் போட மறுத்தன, அந்த இடைவெளியில் ஒரு கடையை விரித்தார்கள். பூன் தனியாளாகச் செய்யவில்லை என்பது சரி, கடை முதலாளி ராண்டி உட். ஆனால் கடையில் வெள்ளை ஷூ போட்டு நின்றது யார்?

மீனாட்சிபேத்தி:
சோமு சார், ராண்டி உட் பேரை எடுத்தீர்களே, அது நல்ல இடம். அவர் காலட்டின் என்ற சின்ன ஊரில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர், தபாலில் தட்டு அனுப்புகிற வியாபாரம், ராத்திரி வானொலியில் விளம்பரம். எந்த ஊரிலிருந்து எந்தத் தட்டுக்கு ஆர்டர் வருகிறது என்று தினமும் கையில் கடிதமாக வந்து விழும். கறுப்பினப் பாட்டுக்கு வெள்ளைப் பையன்களும் ஆர்டர் போடுகிறார்கள் என்பது பெரிய கம்பெனிக்காரர்களுக்குப் புரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வாடிக்கையைப் பார்த்துத்தான் தன் இசைத்தட்டுக் கம்பெனியான டாட் ரெக்கார்ட்ஸில் பூனுக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்தார். பையன் பாடுவேன் என்று கேட்டு வந்த பாட்டுகள் இல்லை இவை. முதல் பாட்டைப் போட்டுக் காட்டியபோது தட்டு தப்பான வேகத்தில் ஓடுகிறதோ என்று நினைத்தேன் என்று பூனே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. "டூட்டி ஃப்ரூட்டி"யை பூன்தான் சுத்தம் செய்தார் என்று பலர் நினைக்கிறார்கள். லிட்டில் ரிச்சர்ட் கிளப்புகளில் பாடிவந்த பச்சையான வரிகளை 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஸ்டுடியோவிலேயே டாரதி லாபோஸ்ட்ரி என்ற பெண்ணைக் கூப்பிட்டு மாற்றி எழுதித்தான் பதிவு செய்தார்கள். பூன் கைக்கு வந்தது ஏற்கெனவே துவைத்த துணி. அவர் அதை இன்னொரு முறை துவைத்தார், ஒரு வரியை வேறு மாற்றினார்.

அப்புறம் "லாங் டால் சாலி". பூனால் வாய் திறந்து பாட முடியாத வேகத்தில் இதைப் போடு என்று ரிச்சர்டின் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் வேண்டுமென்றே ஓட்டினாராம். பூன் விடவில்லை, அதையும் பாடினார். இந்த முறை ரிச்சர்ட் 6, பூன் 8. 1956லேயே பிள்ளைகள் அசலைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நகல் வியாபாரம் ரொம்ப நாள் ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கறார்சோமு:
ரொம்ப நாள் ஓடவில்லைதான், அதற்குள் கல்லா நிரம்பிவிட்டதே.

மீனாட்சிபேத்தி:
நிரம்பியது. ஆனால் பாட்டு எழுதியவர் என்ற முறையில் டொமினோவுக்கும் அதில் பங்கு போனது. பிற்பாடு டொமினோ ஒருமுறை மேடைக்குக் கூப்பிட்டு, தன் கையில் இருந்த மோதிரத்தைக் காட்டி, "இது இவர் பாடிய பாட்டில் வந்தது" என்றார் என்பது பூன் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. கதை சொல்பவர் யார் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கவேண்டும், அது வேறு. லிட்டில் ரிச்சர்டுக்கு ஒப்பந்தமே மோசம், அங்கே அசல் விற்றாலும் நகல் விற்றாலும் அவர் கைக்கு வந்தது சொற்பம். ஆக, கொள்ளை என்று சொன்னால் முதல் குற்றவாளி இசைக் கம்பெனிகள்.

யாழ்ரேடியோ:
நகல் விவகாரத்தில் எனக்குச் சோமு அண்ணை பக்கம்தான். ஆனால் குரலே இல்லாத ஆள் மாதிரிப் பேசுவதை ஒத்துக்கொள்ள ஏலாது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் கேட்டு வளர்ந்த குரல்களில் ஒன்று இவருடையது, ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், பாட் பூன் என்று ஒரே மூச்சில் சொல்லுவினம். அவர்களுக்கு இந்த நகல் சண்டை ஒன்றும் தெரியாது, அவர்கள் கேட்டது மெல்லிசைப் பாட்டுகள்.

"லவ் லெட்டர்ஸ் இன் த சாண்ட்" பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். 1931இல் எழுதின பழைய பாட்டு. தாளம் ஒரு இடத்திலும் அவசரப்படாது. குரல் அடி வயிற்றில் இருந்து வருகிறது, பிங் கிராஸ்பியைக் கேட்டுப் பழகின ஆள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நடுவில் கிட்டாருக்கோ சாக்ஸபோனுக்கோ கொடுக்கவேண்டிய இடத்தில் மனுசன் விசில் அடிக்கிறார். கடற்கரையில் தனியாக நடக்கிற ஒருத்தன் அடிக்கிற விசில் அது, சும்மா அலங்காரம் இல்லை. 1957இல் வாரக்கணக்காக முதலிடத்தில் இருந்த பாட்டு. "மூடி ரிவர்" 1961இல் முதலிடம். அந்தப் பாட்டில் ஒரு பெண் ஆற்றில் விழுந்து சாகிறாள், அதைத்தான் இந்தச் சிரிச்ச முகக்காரர் பாடினவர். ஓரத்தைத் தேய்க்காத பாட்டும் இருக்கு அண்ணை.

பழையதட்டு:
யாழ், "மூடி ரிவர்" நல்ல சாட்சி, எனக்கு எதிரான சாட்சிதான், இருக்கட்டும். ஆனால் அந்தச் சாவையும் எவ்வளவு பதமாகப் பாடுகிறார் என்று பாருங்கள்.

நள்ளிரவுக்காட்சி:
படத்துக்கு யாருமே வரவில்லையே, நான் வருகிறேன். ஃபாக்ஸ் அவரை வைத்து எடுத்த முதல் படம் "பெர்னார்டீன்", 1957. மௌனப்பட காலத்து நட்சத்திரம் ஜேனட் கேனர் பல வருடம் கழித்துத் திரும்பி வந்த படம், அவருடைய கடைசிப் படமும் அதுதான். யாழ் சொன்ன விசில் பாட்டு இதில்தான் வருகிறது. படம் சுமார். அதே வருடம் "ஏப்ரல் லவ்", ஷெர்லி ஜோன்ஸ் ஜோடி, கென்டக்கி குதிரைப் பண்ணை, தலைப்புப் பாட்டும் முதலிடத்துக்குப் போய் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியது.

அந்தப் படத்தில்தான் பிரசித்தி பெற்ற முத்தக் கதை. படப்பிடிப்புக்கு நடுவில் இயக்குநர் ஹென்றி லெவின், இந்த இடத்தில் ஷெர்லி ஜோன்ஸுக்கு ஒரு முத்தம் கொடு என்கிறார். ஸ்கிரிப்டில் அது இல்லை. பூன், இன்று வேண்டாம், வீட்டில் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். வீட்டில் மனைவி, சரி, நடிப்புதானே என்று சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் செட்டில் இருந்து விஷயம் வெளியே போய் "முத்தம் தர மறுத்த நடிகர்" என்று பத்திரிகையெல்லாம் பரவிவிட்டது. இதைவிட நல்ல விளம்பரம் ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது, முத்தத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதாவது அவர் மறுக்கவே இல்லை, ஒருநாள் தவணை கேட்டார், அவ்வளவுதான். ஆனால் ஊர் பேசினது மறுத்தார் என்று. அதற்கப்புறம் அவர் அந்தப் பேருக்குத் தகுந்தபடி நடக்கவேண்டியதாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். மர்லின் மன்றோவோடு நடிக்க வந்த வாய்ப்பைக் கதையின் ஒழுக்கம் பிடிக்காமல் விட்டேன் என்று பிற்பாடு பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். 1959இல் அதே ஹென்றி லெவின் இயக்கத்தில் "ஜர்னி டு த சென்டர் ஆஃப் த எர்த்". ஜூல் வெர்ன் கதை. ஜேம்ஸ் மேசன் பேராசிரியர், பூன் எடின்பரோ மாணவன். இவருக்கு இந்தப் படத்தில் விருப்பமே இல்லை, பாட்டுப் படம்தான் எனக்குச் சரி என்றாராம். பட்டியலில் முதல் பேரும் லாபத்தில் பங்கும் தருகிறோம் என்று சொல்லி இழுத்து வந்தார்கள். பாட்டுகள் பெரும்பாலும் கத்தரிக்கப்பட்டுவிட்டன. கடைசியில் என்ன ஆகிறது தெரியுமா? எரிமலை எல்லோரையும் வெளியே துப்பியதும் நம் ஆள் ஒட்டுத்துணி இல்லாமல் ஒரு மரத்தில் போய்த் தொங்குகிறார், கீழே கன்னியாஸ்திரிகள் நிற்கிறார்கள், கையில் கிடைத்த ஒரு ஆட்டைப் பிடித்து மானத்தை மறைத்துக்கொள்கிறார். முத்தத்துக்கு வீட்டில் அனுமதி கேட்ட மனிதர்! அந்தக் காட்சியை அவர் நன்றாகவே செய்திருக்கிறார், தன்னைத்தானே கிண்டல் செய்கிற சுகம் முகத்தில் தெரிகிறது. படம் நன்றாக ஓடியது, மூன்று ஆஸ்கர் பரிந்துரை, இன்றைக்கும் அவர் படங்களில் ஜனங்கள் விரும்பிப் பார்ப்பது இது ஒன்றைத்தான். பெர்னார்ட் ஹெர்மன் இசை, முதுகில் துடுப்பு ஒட்டிய இகுவானா ஓணான்கள் டைனோசராக வருகிற காட்சி, கூடவே ஒரு வாத்து. பூன் நல்ல பையன் என்பது இதில் யாருக்கும் பொருட்டே இல்லை, அதனால்தான் படம் பிழைத்தது.

கறார்சோமு:
வாத்து அவரைவிட நன்றாக நடித்தது என்று எழுதினால் இழையிலிருந்து நீக்கிவிடுவீர்களா?

நள்ளிரவுக்காட்சி:
வாத்துக்கு அதிகக் குளோசப் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பழையதட்டு:
நள்ளிரவு எழுதிய கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறேன். 1962இல் "ஸ்டேட் ஃபேர்" மறுதயாரிப்பு. அண்ணன் வேடத்தில் பூன், அவருக்கு ஜோடி ஆன்-மார்கரெட். தங்கை வேடத்துப் பமேலா டிஃபினுக்கு ஜோடி பாபி டாரின். ஒரே படத்தில் இரண்டு பாடகர்கள், வயதில் ரெண்டு வருடம்கூட வித்தியாசம் இல்லை, இருவரும் பாட்டில் முதலிடம் பார்த்தவர்கள். படம் சொதப்பல், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே 1962இல் டாரின் "பிரஷர் பாயின்ட்" படத்தில் நாஜி அனுதாபியாக, சிட்னி பாய்ட்டியே மனநல மருத்துவராக எதிரே உட்கார்ந்திருக்க, வாயில் விஷம் கக்குகிற ஒரு கைதியாக நடிக்கிறார். பார்க்கிறவன் வெறுக்கட்டும் என்று முகத்தை முழுசாகக் கொடுக்கிறார். அடுத்த வருடம் "கேப்டன் நியூமன், எம்.டி." படத்துக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை. அதற்கு முன்னால் சினாட்ராவும் அப்படித்தான், பாட்டுச் சந்தை படுத்தபோது 1953இல் அடிவாங்கிச் சாகிற ஒரு சிப்பாய் வேடத்தைத் தேடிப் போய் வாங்கி ஆஸ்கரோடு வந்தார்.

பூனும் முயற்சி செய்யாமல் இல்லை. 1962இல் இங்கிலாந்தில் எடுத்த "த மெயின் அட்ராக்‌ஷன்", சர்க்கஸில் வந்து ஒட்டிக்கொள்கிற ஒரு நாடோடி, நான்சி குவான் ஜோடி. 1963இல் "த யெல்லோ கேனரி", "ட்வைலைட் ஸோன்" தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் திரைக்கதை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிற்கவேண்டும். கதாநாயகன் ஒரு பாப் பாடகன், திமிர் பிடித்தவன், கூட வேலை செய்பவர்களை மதிக்காதவன், மனைவி விலகப் பார்க்கிறாள், அந்த நேரத்தில் கைக்குழந்தை கடத்தப்படுகிறது. மனைவியாக பார்பரா ஈடன். ஒரு நல்ல பையன் நடிகனாக மாறுவதற்கு இதைவிட நல்ல வேடம் யார் கொடுப்பார்கள்? அவர் திமிராகப் பேசுகிறார், குரலை உயர்த்துகிறார், எல்லாம் செய்கிறார். ஆனால் ஒவ்வொரு கடுமையான வசனத்துக்குப் பிறகும் முகம் உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது, "நான் நிஜத்தில் இப்படி இல்லை" என்று பார்ப்பவரிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி. அந்தச் சமயம் ஃபாக்ஸ் "கிளியோபாட்ரா"வில் பணத்தைக் கொட்டித் தரைதட்டி நின்றது, இந்தப் படம் சிக்கனமாக எடுக்கப்பட்டு ஒப்புக்கு வெளியானது. அதையும் கணக்கில் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் அநியாயம்.

மீனாட்சிபேத்தி:
எனக்கு இதில் பாதிதான் சம்மதம். அவரால் முடியவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், அவர் வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்று நான் சொல்வேன். இந்த மனிதர் 1958இல் பதின்பருவப் பிள்ளைகளுக்கு அறிவுரைப் புத்தகம் எழுதினார், அது அமெரிக்காவில் கதை அல்லாத நூல்களில் விற்பனை உச்சிக்குப் போனது. நாடு முழுக்க அப்பா அம்மாக்கள் வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்த புத்தகம். அதை எழுதிய கையோடு போய் வில்லனாக நடி என்றால்? டாரினுக்கு இழக்க ஒன்றும் இல்லை. இவருக்கு மனைவி, நான்கு பெண்கள், சபை, கார் கம்பெனி எல்லாம் இருந்தன. எதை விட்டால் எது போகும் என்று தெரிந்துதான் விட்டார். 1965இல் "த கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்" படத்தில் இயேசுவின் கல்லறையில் வரும் தேவதூதர் வேடம், சில நொடிகள்தான். அந்த வேடத்துக்கு ஹாலிவுட்டில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு பேர்கூடத் தோன்றாது.

1970இல் "த கிராஸ் அண்ட் த ஸ்விட்ச்பிளேட்" இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். நியூயார்க் தெருச் சண்டைக் கும்பல்களுக்கு நடுவே போன போதகர் டேவிட் வில்கர்சன் வேடம். கும்பல் பையனாக எரிக் எஸ்ட்ராடாவின் முதல் படம். சண்டை போடுகிற பையன்களுக்கு நடுவில் இந்த நெட்டையான, துடைத்து வைத்த மாதிரி இருக்கிற ஆள் நிற்கும்போது அந்தப் பொருத்தமின்மைதான் காட்சிக்குத் தேவை. அவர் இயல்பு முதல் தடவையாகக் கதைக்கு உதவியது. கலையாகப் பார்த்தால் சாதாரணப் படம், பிரசாரம் தூக்கலாக இருக்கும். ஆனால் அவர் அதில் உறுத்தவில்லை.

கறார்சோமு:
பேத்தி அம்மா, "எது போகும் என்று தெரிந்து விட்டார்" என்கிறீர்கள். அறுபதுகளின் பின்பாதியில் குடும்பமே ஆட்டம் கண்டது, குடி பழக்கமானது, 1967இல் ஓக்லண்ட் ஓக்ஸ் என்ற கூடைப்பந்து அணியில் போய்ப் பெரும்பங்கு வாங்கினார். அணி 1969இல் ஏபிஏ என்ற கூடைப்பந்து லீக்கின் கோப்பையை ஜெயித்தது, இவர் கையைச் சுட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவ்வளவு திட்டம் போட்டு வாழ்ந்த ஆள் மாதிரித் தெரியவில்லை. அந்த நெருக்கடியிலிருந்து மீண்டது பக்தியில், அதன் பலனாகத்தான் நீங்கள் சொல்லும் 1970 படம். பெவர்லி ஹில்ஸ் வீட்டு நீச்சல் குளத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். ஜெபத்தில் பரவசமாகி அந்நிய பாஷை பேசியதற்காகப் பழைய சபை அவரை வெளியே தள்ளிவிட்டது.

மீனாட்சிபேத்தி:
அதனால்தான் சொல்கிறேன் சார், வெளியே இருந்து பார்த்த வெள்ளை ஷூவுக்கும் உள்ளே இருந்த மனிதருக்கும் தூரம் இருந்தது. அந்தத் தூரத்தைப் படத்தில் காட்ட யாரும் விடவில்லை, அவரும் விடவில்லை.

யாழ்ரேடியோ:
மகள் டெபி பூன் 1977இல் "யூ லைட் அப் மை லைஃப்" பாடிப் பத்து வாரம் முதலிடத்தில் இருந்ததையும் யாராவது எழுதுங்கோ, தகப்பனுக்கு ஒரு பாட்டும் அப்பிடி நிக்கேல்லை.

நள்ளிரவுக்காட்சி:
எழுதியாச்சு, நீங்களே. 1997ஐ விட்டுவிடாதீர்கள். ஹெவி மெட்டல் பாட்டுகளைப் பித்தளை வாத்தியங்களோடு பிக் பேண்ட் பாணியில் பாடி ஒரு ஆல்பம் போட்டார். அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடையில் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருக்குப் பக்கத்தில், சட்டை இல்லாமல் தோல் அங்கியும் ஒட்டுப் பச்சையும் கழுத்தில் பட்டையுமாக வந்து நின்றார், வயது 62. விளையாட்டுக்குத்தான். டிரினிட்டி கிறிஸ்தவ அலைவரிசை அவர் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டது, விளக்கம் கேட்டு அப்புறம்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் குடும்பத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தலைப்புப் பாட்டு இந்த ஆல்பத்திலிருந்து எடுத்தது என்று பல இடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள், அதைப் பாடியவர் லூயிஸ் லமெடிகா என்ற வேறொருவர். ஆஸியும் பூனும் ஒரு சமயம் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தது மட்டும் நிஜம்.

பழையதட்டு:
பாருங்கள், 62 வயதில் ஒரு ராத்திரி தோல் அங்கி போட்டதற்கே அந்தத் தண்டனை. 1957இல் அவர் ஒரு முரட்டு வேடம் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பேத்தி சொல்வதற்கு இங்கே கொஞ்சம் வலு சேருகிறது. ஆனாலும் யெல்லோ கேனரி என் மனதில் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அங்கே யாரும் தடுக்கவில்லை, வேடம் கையில் இருந்தது, எழுதியவர் ராட் செர்லிங். அந்த மூன்று நான்கு காட்சிகளில் முகத்தை அப்படியே கடுமையாக வைத்திருந்தால் போதும்.

கறார்சோமு:
புதிதாகப் பார்ப்பவர்கள் எதில் ஆரம்பிக்கலாம்? எனக்காகக் கேட்கவில்லை, வீட்டில் ஒருவர் கேட்கிறார்.

நள்ளிரவுக்காட்சி:
வீட்டில் இருப்பவருக்கு "ஜர்னி" போடுங்கள், குழந்தைகளும் உட்கார்ந்து பார்க்கும். உங்களுக்கு "யெல்லோ கேனரி". முடிந்தால் அதையும் "பிரஷர் பாயின்ட்"டையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், வாத்தைப் பற்றி மட்டும் வேண்டாம்.